சட்டம் எட்டாத முற்றங்கள்

யாழ்ப்பாணத்திலே சாதியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலிற் கிடைக்கும் மறுமொழி, "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்பதாகும். ஊரில் இருப்பவரும் அதையே சொல்வார். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருப்பவரும் அதையே சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. தேநீர்க்கடையிலே தனிப்பேணி இல்லை. பேருந்திலே யாரும் யாரையும் எழும்பச் சொல்வதில்லை. பாடசாலையிலே பிள்ளைகள் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை அவர் சொல்கிறார். ஆனால் அதே மனிதருடைய மகளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வரட்டும். முதலிற் கேட்கப்படுவது பையனின் படிப்பும் அல்ல, குணமும் அல்ல. "அவை ஊரில எவ்விடம்? எந்தக் கோயிலடி?" என்பதே முதற்கேள்வி. அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

இதனை இனவாதம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இனவாதம் என்றால் சிங்களவர் எமக்குச் செய்தது, வெள்ளையர் கறுப்பர்களுக்குச் செய்தது. சாதி வேறு, அது எங்கள் வீட்டுக் காரியம் என்பது அவர்களது வாதம். 1965 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டு ஒழிப்புச் சமவாயம், நிறம், தேசிய மூலம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லையும் தன் முதலாம் உறுப்புரையிலேயே சேர்த்துள்ளது. 2001 இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் நடந்த உலக மாநாட்டிலே சாதியைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. இந்திய அரசு அதனை நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே வைக்கவே முயன்றது. மறு ஆண்டிலேயே அச்சமவாயத்தின் கண்காணிப்புக் குழு, வம்சாவளி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று தெளிவாகக் கூறியது. இலங்கை இச்சமவாயத்தில் 1982 இல் இணைந்த நாடு. பிறப்பினால் ஒருவனைத் தாழ்ந்தவன் என்று தீர்ப்பதும், அவன் பிள்ளையையும் பேரனையும் அதே தீர்ப்புக்குள் வைப்பதும் இனவாதம் அல்லவென்றால், வேறு எது இனவாதம் என்று எனக்கு விளங்கவில்லை.

அரசியல் முன்னேற்றம் நிகழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்று இருந்தது. எந்தச் சாதியார் அடிமைகள், அவர்களுடைய பிள்ளைகள் யாருக்கு உரியவர்கள் என்பதெல்லாம் சொத்துச் சட்டத்தின் பகுதியாகவே எழுதப்பட்டன. அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அதன் அழைப்பிலே 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1971 இல் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன. 1970 இல் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1977 இல் உடுப்பிட்டித் தொகுதியிலே த. இராசலிங்கம் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராக நின்று வென்றார். ஒடுக்கப்பட்ட மக்களின் கோணத்திலிருந்து பார்த்தால் இவை சிறிய காரியங்கள் அல்ல.

ஆனால் இந்த முன்னேற்றங்கள் ஒவ்வொன்றின் முன்னும் எமது பெரியவர்களே வழிமறித்து நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். நாடு முழுவதும் போற்றிய பேரறிஞர் அவர். ஆனால் வாக்குச்சீட்டு எல்லோருடைய கைக்கும் போகக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதற்கு முந்திய ஆண்டிலே தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றிய அதே பண்டாரநாயக்க அரசாங்கம். எங்கள் மொழியைப் பறித்த பாராளுமன்றமே எங்களில் ஒரு பகுதியினருக்குக் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போகும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்த முரணை எமது அரசியல் மேடைகள் பேசுவதில்லை. பேசினால், தமிழன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளே எத்தனை பேருக்கு இடமிருந்தது என்ற கேள்வி வந்துவிடும்.

1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் சங்கானையிலும் ஏனைய இடங்களிலும் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசமும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தவையும் இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியா. மாவிட்டபுரத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போவதைத் தடுத்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், வழக்கறிஞர், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இருந்தவர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மிக முற்காலத்திலேயே கேட்டவர்களில் ஒருவர், 'அடங்காத் தமிழன்' என்று பெயரெடுத்தவர். அச்சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, இலண்டன் கோமறைக் கழகம் வரை மேன்முறையீடு செய்தார். அங்கும் வெற்றி கிடைக்கவில்லை. கொழும்பின் ஆதிக்கத்துக்கு அடங்கமாட்டேன் என்ற அதே மனிதர், ஒரு கோயிலிலே இன்னொரு தமிழன் அடங்கி வெளியே நிற்கவேண்டும் என்று நினைத்தார். அவரை ஒரு விதிவிலக்கு என்று நான் கருதவில்லை. எமது சமூகத்தின் மனத்திலே இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பின்னர் இயக்கங்களின் காலம் வந்தது. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள், ஒரே பானையில் உண்டார்கள், ஒரே குழியில் புதைந்தார்கள். பகிரங்கத்திலே சாதிப் பேச்சு அடங்கிற்று. இதனைப் பெருமையாகச் சொல்வோர் பலர். அதிலே உண்மையும் உண்டு. ஆனால் அடங்கியது எதனால்? விவாதத்தினாலா, அச்சத்தினாலா? துப்பாக்கியின் முன்னால் மௌனமான ஒரு பழக்கம், துப்பாக்கி போனபின் என்ன செய்யும் என்பதை 2009 க்குப் பிந்திய ஆண்டுகள் காட்டிவிட்டன. புத்தூர்க் கலைமதி கிராமத்திலே 2017 இல் மக்கள் தங்கள் குடிமனைகளுக்கு நடுவே இருக்கும் மயானத்துக்கு எதிராகத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். காணியில்லாத மக்கள் மயானத்தின் ஓரத்திலேதான் குடியிருக்க நேர்ந்தது என்ற பழைய கதையே அப்போராட்டத்தின் அடியில் இருந்தது. 2018 இல் வரணியிலே அம்மன் கோயில் தேரை மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்த படங்கள் உலகெங்கும் பரவின. ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இயந்திரம் வந்தது என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவ்வாறில்லை என்று மறுப்பும் வந்தது. மறுப்பு உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் குற்றச்சாட்டைக் கேட்ட யாழ்ப்பாணத்தவர் எவரும், "இப்படியும் நடக்குமா?" என்று வியக்கவில்லை. நடக்கக்கூடியதுதான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இனித் தீவுப்பகுதிக்கு வருவோம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய இந்த நிலங்களிலே சாதி எப்படி வாழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் தண்ணீரை விளங்கிக்கொள்ள வேண்டும். தீவுகளிலே ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஆகவே ஊரிலே நல்ல தண்ணீர்க் கிணறுகள் சிலவே. அந்தக் கிணறு யாருடைய வளவிலே இருந்ததோ, அவர் கையிலே மற்றவர்களின் தாகம் இருந்தது. ஒடுக்கப்பட்டவர் கிணற்றுக்கட்டிலே கால் வைக்கமுடியாது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். குடாநாட்டிலும் இதே வழமைதான். ஆனால் அங்கே ஒரு கிணறு மறுக்கப்பட்டால் வேறொரு கிணற்றைத் தேடலாம். தீவிலே தேடிப்போக இடமில்லை. எல்லாப் பக்கமும் கடல்.

1957 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கிணற்றைத் திறந்தது. அது பெரிய காரியம். ஆனால் தீவுகளின் நல்ல கிணறுகளிற் பல தனியார் வளவுகளிலேயே இருந்தன. வளவின் படலைக்குள்ளே சட்டம் போக முடியாது. கோயிலிலும் அப்படியே. வாசல் திறந்தது, ஆனால் உபயம் யாருக்கு, தருமகர்த்தா சபையில் யார், காளாஞ்சி முதலில் யார் கையில் என்பவை வாசலுக்கு உள்ளே இருக்கும் விடயங்கள். தேவாலயங்களிலும் ஒருகாலத்தில் இருக்கை வரிசைகள் பிரிந்தே இருந்தன. ஞானஸ்நானத் தொட்டியால் அதைக் கழுவ முடியவில்லை. தீண்டாமை பொது இடத்திலே தோற்றது. தோற்றவுடன் அது வீட்டுக்குள்ளும் சபைக்குள்ளும் திருமணத்துக்குள்ளும் காணி உறுதிக்குள்ளும் போய் இருந்துகொண்டது.

1990, 1991 ஆம் ஆண்டுகளிலே படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். குடாநாட்டுக்கும், பின்னர் வன்னிக்கும், கொழும்புக்கும், கடல் கடந்தும் போனார்கள். அகதி வாழ்விலே பாடசாலைக் கட்டடங்களின் ஒரே கூரையின் கீழ் எல்லோரும் படுத்தார்கள், ஒரே குழாயடியிலே வரிசையில் நின்றார்கள். அப்போது, "இனிச் சாதி அழிந்துவிடும்" என்று நம்பிக்கையோடு சொன்னவர்களை நான் அறிவேன். அது அழியவில்லை. திரும்பி வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் காணியே அடிப்படையாக இருந்தது. காணி உறுதி உள்ளவர் வெளிநாட்டிலிருந்தும் உரிமையாளராகவே இருந்தார். உறுதி இல்லாதவர் ஊரிலே இருந்தும் குடியிருப்பாளராகவே இருந்தார். வலிகாமம் வடக்கு மக்களின் முகாம்களிலே இறுதிவரை எஞ்சியிருந்தவர்களிற் பெரும்பாலானோர் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காணியும் உறவும் வெளிநாட்டுப் பணமும் உள்ளவர் முகாமை விட்டு விரைவாகப் போய்விட்டார். போக இடமில்லாதவர் இருந்தார். போர் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. போரிலிருந்து மீளும் வழி பொதுவாக இருக்கவில்லை.

இன்று புங்குடுதீவிலும் வேலணையிலும் நடந்து பாருங்கள். கூரையில்லாத பெரிய வீடுகள், ஆலமரம் முளைத்த சுவர்கள், பூட்டிய படலைகள். உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கிறார். பக்கத்திலே ஓலைக்குடிலிலோ வீட்டுத்திட்டச் சிறு வீட்டிலோ இருப்பவர் பலருக்குத் தாம் இருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. யாரும் பயிரிடாத அந்த வளவிலே ஒரு பரப்பைக் கேட்டால், "அது பரம்பரைக் காணி, வெளியாருக்குக் கொடுக்கேலாது" என்ற மறுமொழி வரும். 'வெளியார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக அதே ஊரிலே பிறந்து, அதே ஊரிலே உழைத்து, அதே ஊரிலே இறந்தவர்கள் வெளியார். ஊரை விட்டுப்போய் முப்பது ஆண்டு கழிந்தவரும், ஊரைக் கண்ணால் காணாத அவருடைய பேரப்பிள்ளையும் உள்ளூரார். இப்படியே போனால் தீவுகளிலே எஞ்சியிருக்கும் இளைஞரும் கடலைக் கடந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் குறைந்து கொண்டுபோகும் பாடசாலைகளை எந்த ஊர்ச்சங்கத்தின் நன்கொடையும் காப்பாற்றாது.

இந்த நோய் தலைமுறை தாண்டுவது எப்படி என்பதே என்னைப் பல ஆண்டுகளாக வருத்தும் கேள்வி. ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளைக்குக் கிணற்றடியும் தெரியாது, தேர்வடமும் தெரியாது, குடிமைத் தொழிலும் தெரியாது. அந்தப் பிள்ளை எவ்வாறு இதனைக் கற்கிறது? நான் கண்ட அளவில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது வழி மௌனம். பெற்றோர் சாதியைப் பற்றிப் பிள்ளைக்கு எதுவும் சொல்வதில்லை. ஆனால் சில வீடுகளுக்குப் போவதில்லை, சிலருடைய கலியாணத்துக்கு மொய் மட்டும் அனுப்புவார்கள், சிலருடைய பெயர் வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். பிள்ளை காரணத்தை அறியாமல் எல்லையை மட்டும் அறிந்துகொள்கிறது. காரணம் சொல்லப்பட்டிருந்தால் பள்ளியிலே கற்ற அறிவைக் கொண்டு அதை எதிர்த்து வாதாடியிருக்கும். சொல்லப்படாத ஒன்றோடு எப்படி வாதாடுவது? இருபத்தைந்து வயதிலே தான் விரும்பிய ஒருவரின் பெயரை வீட்டிலே சொல்லும்போதுதான் முதன்முறையாக அந்தச் சொல் வெளியே வருகிறது. அன்றைக்குத் தாய் அழுகிறாள், தகப்பன் ஒரு கிழமை கதைக்காமல் இருக்கிறார், ஊரிலிருந்து பேரனார் தொலைபேசியில் வருகிறார்.

இரண்டாவது வழி எழுத்து. நான் பத்திரிகைத் தொழிலிலே கழித்த ஆண்டுகள் முழுவதும் கண்ட காட்சி இது. ஆசிரியத் தலையங்கம் சமத்துவத்தைப் பேசும். அதே ஞாயிறு இதழின் மணப்பந்தற் பக்கத்திலே சாதிப்பெயர் கட்டணம் செலுத்தி அச்சேறும். 'உயர் குலம்' என்றும் 'நற்குடும்பம்' என்றும் இடக்கரடக்கலாகவும் வரும். தலையங்கத்தை வாசிப்பவரைவிட அந்தப் பக்கத்தை வாசிப்பவர் அதிகம். இப்போது அது இணையத்துக்குப் போய்விட்டது. திருமணத் தளங்களிலே சாதி ஒரு தெரிவுப் பட்டியல். விரலால் தொட்டால் மற்றவர்கள் எல்லோரும் திரையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். முன்னர் தரகர் வாய் கூசிச் சொன்னதை இயந்திரம் கூச்சமில்லாமற் செய்கிறது.

மூன்றாவது வழி சொத்து. காணியும் சீதனமும் கோயில் உரிமையும் சாதியின் எல்லைக்குள்ளேயே கைமாறுகின்றன. மனம் மாறியவருக்கும் உறுதியை மாற்ற மனம் வருவதில்லை. பெருமைக்காக மட்டும் பேணப்படும் ஒரு வழக்கம் நாளடைவிலே தேயும். அதிலே ஆதாயமும் சேர்ந்திருந்தால் அது எளிதில் தேயாது.

இதைத் தமிழருக்கு மட்டும் உரிய கேடு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலே 1967 இல் உயர்நீதிமன்றம் கறுப்பர் வெள்ளையர் கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அலபாமா மாநிலத்தின் அரசியலமைப்பிலே அந்தத் தடை வெறும் எழுத்தாக அதன்பின்னும் இருந்தது. 2000 ஆம் ஆண்டிலே அதை நீக்குவதற்கு மக்கள் தீர்ப்புக் கேட்டபோது, நூற்றுக்கு நாற்பது பேர் நீக்கவேண்டாம் என்றே வாக்களித்தார்கள். செத்துப்போன சட்டம், முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன, இருந்தும் நாற்பது வீதம். எட்டு ஆண்டுகள் கழித்து அதே நாடு ஒரு கறுப்பினத்தவரைச் சனாதிபதியாகத் தெரிவு செய்தது. இரண்டும் ஒரே நாட்டின் உண்மைகள்தாம். மேலே நடக்கும் அரசியல் மாற்றம் கீழே இருக்கும் வீட்டு மனத்தைத் தானாக மாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எம்மவர் குடியேறிய நாடுகளும் இப்போது இதனைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. 2023 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டிலே ரொறன்ரோ பாடசாலைச் சபை, தன் பாடசாலைகளிலே சாதிப்பாகுபாடு உண்டென்பதை ஏற்று, மாகாண மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியை நாடத் தீர்மானித்தது. கலிபோர்னியா மாநிலத்திலே இயற்றப்பட்ட சட்டமூலத்தை ஆளுநர் நிராகரித்தார். பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலே சாதியைச் சேர்க்க இடமிருந்தும், அவ்வாறு சேர்ப்பதில்லை என்று அரசாங்கம் 2018 இல் முடிவெடுத்தது. எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலே வெள்ளைக்கார அதிகாரி வந்து, "உங்களுக்குள் இப்படி ஒன்று உண்டாமே?" என்று கேட்கும் நிலை வந்திருக்கிறது. அந்த அதிகாரியிடமும் நாம், "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்றுதான் சொல்லப்போகிறோமா?

சாதியைப் பேசினால் தமிழர் ஒற்றுமை குலைந்துவிடும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் எதிர்வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. எங்களைப் பிரித்து ஆளுவதற்குக் கொழும்பு எத்தனையோ முறை முயன்றது உண்மை. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் போன குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளுமாகக் குறைந்தது இருபத்துமூன்று பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டபோது, கொன்றவர்கள் எவரிடமும் சாதி கேட்கவில்லை. தமிழர் என்பது போதுமாயிருந்தது. அந்த நினைவு உள்ளவர்களுக்கு ஒற்றுமை என்ற சொல் மிகப் பெறுமதியானது. ஆனால் நான் கேட்பது இதுதான்: கொலைகாரன் எங்களை ஒன்றாகக் கண்டான், நாங்கள் எங்களை ஒன்றாகக் காண்கிறோமா? ஒடுக்கப்பட்டவர் வாய்மூடி இருப்பதனால் நிற்கும் ஒற்றுமைக்கு ஒற்றுமை என்று பெயர் வைக்கமுடியாது. 1990 ஒக்டோபரிலே வடக்கின் முஸ்லிம்களை, யாழ் நகரிலே இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பரம்பரை மண்ணை விட்டுப்போனார்கள். அன்றும் இனத்தின் பாதுகாப்பு என்றே காரணம் சொல்லப்பட்டது. அயலவரிலே பெரும்பாலோர் மௌனமாக இருந்தோம். பிறப்பைப் பார்த்து ஒரு மனிதனின் இடத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் வீட்டுக்குள்ளே இருந்தால், அது வீட்டோடு நிற்காது.

சாதியைப் பேசுவது சிங்கள அரசுக்குச் சாட்சி சொல்வதாகும் என்போரும் உண்டு. அவர்களுக்கு நயினாதீவிலே இருக்கும் ஒரு கல்லைக் காட்ட விரும்புகிறேன். நாகபூசணி அம்மன் கோயிலிலே உள்ள அந்தக் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினது, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றெல்லாம் அது கூறுகிறது. எழுதப்பட்ட மொழி தமிழ். ஒரு சிங்கள அரசன் தன் ஆணையைத் தமிழிலே வெட்டுவித்தான்; கடலிலே கெட்டுவந்த அந்நியனின் உரிமையையும் அதிலே எழுதுவித்தான். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் 1956 இல் இதே நாட்டின் பாராளுமன்றம் தனிச்சிங்களம் என்றது. 1987 இல் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; ஆனால் இன்றும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதங்கள் தமிழர் வீடுகளுக்கு வருகின்றன. 2024 நவம்பர்த் தேர்தலிலே தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது. இனவாதத்துக்கு இனி இடமில்லை என்று அந்த அரசு சொல்கிறது. சொல்வது நல்லது. ஆனால் சட்டத்தை மாற்றினாலும் அலுவலகத்தின் மனம் மாறாது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். அந்த அனுபவத்தை எமக்கும் பொருத்திப் பார்க்கவே சொல்கிறேன். அவர்களின் எழுதுநர் எங்களைப் பார்க்கும் பார்வைக்கும், எங்கள் தருமகர்த்தா தன் ஊரவனைப் பார்க்கும் பார்வைக்கும் வேர் ஒன்றுதான்.

அதே நயினாதீவையே மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று அறிஞர் பலர் கருதுவர். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த இடம். அவளுக்கு முன்னர் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்தவன் ஆபுத்திரன். பிறப்பைச் சொல்லி ஊரார் விரட்டிய அவன், பசித்த எல்லோருக்கும் சோறிட்டு, ஈற்றிலே மணிபல்லவத்திலேயே உயிர் விட்டான். பிறப்பினால் இழிந்தவன் எனப்பட்டவன் கையிலிருந்தே அமுதம் வந்தது என்பது தமிழ்க் காப்பியம் ஒன்று சொல்லும் கதை. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் தீவைப் பெருமையோடு காட்டும் நாம், கதையின் பொருளைக் கேட்க மறுக்கிறோம்.

என்ன செய்யலாம்? நான் சட்டத்தை மேலும் கடுமையாக்கச் சொல்லவில்லை; இருக்கும் சட்டத்தையே யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. செய்யக்கூடியவை சில உண்டு, அவை எவருடைய அனுமதியையும் வேண்டி நிற்பவை அல்ல. பத்திரிகைகளும் இணையத்தளங்களும் மண விளம்பரங்களிலே சாதிப்பெயரை ஏற்காமல் விடலாம். சில ஆயிரம் ரூபாய் வருமானம் குறையும், அவ்வளவே. கோயில் நிர்வாக சபைகள் தமது அங்கத்துவ விதிகளை எழுதி, ஊரிலே வசிக்கும் எவரும் சேரலாம் என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பணம் சேர்ப்பதோடு, பயன்படாத வளவுகளிலே ஒரு பகுதியைக் காணியற்ற ஊரவருக்கு உறுதி முடித்துக் கொடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கலாம். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை எத்தனை ஆசிரியர்கள் மாணவருக்கு அறிமுகப்படுத்துகிறார்கள்? இலங்கைக் குடிசன மதிப்பீடு சாதியைக் கேட்பதில்லை. ஆகவே எத்தனை பேர் காணியில்லாமல் இருக்கிறார்கள், எத்தனை பேர் பாடசாலையை இடையில் விட்டார்கள் என்று சாதிவாரியாகச் சொல்ல எவராலும் இயலாது. இந்தியா அடுத்த குடிசன மதிப்பீட்டிலே சாதியைக் கணக்கெடுப்பதாக 2025 இல் அறிவித்துள்ளது. அது சரியா பிழையா என்று அங்கே பலத்த விவாதம் நடக்கிறது. விவாதமாவது நடக்கிறது. இங்கே அதற்கும் வழியில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது வீட்டிலே பேசுவது. பிள்ளைக்கு வரலாற்றைச் சொல்லுங்கள். உங்கள் பேரனார் கிணற்றடியிலே எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லுங்கள். அள்ளி ஊற்றிய பக்கமாயினும் சரி, கைநீட்டி நின்ற பக்கமாயினும் சரி, மறைக்காமற் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளை உங்களைக் கேள்வி கேட்கும், சிலவேளை கோபிக்கும். கோபிக்கட்டும். அந்தப் பிள்ளை நாளைக்கு ஒருவரின் பெயரைக் கொண்டுவந்து, "இவரை நான் கலியாணம் செய்யப்போகிறேன்" என்று சொல்லும்போது, "எவ்விடம்?" என்று கேட்காமல், "நல்ல பிள்ளையா?" என்று கேட்க உங்களால் முடியுமாயின், 1957 இல் தொடங்கிய வேலை உங்கள் வீட்டளவிலாவது முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.